கல்யாணத்துக்காக மாத்திரையை நாலு நாள் விட்டுட்டேன், இப்ப தலைக்குள்ள ஷாக் அடிக்குது

பொம்மனஹள்ளி_பைக் · ஞாயிறு இரவு 11:20

வணக்கம். இங்க ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதறது முதல் தடவை. வயசு 33. சொந்த ஊர் தர்மபுரி பக்கம், வேலை பெங்களூர் பெல்லந்தூர்ல, குடியிருக்கறது பொம்மனஹள்ளி.

அஞ்சு மாசம் முன்னாடி தூக்கம் போச்சு. சோறு இறங்கல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனாலே நெஞ்சு படபடக்கும். ஒரு நாள் சில்க் போர்டு சிக்னல்ல ஹெல்மெட்டுக்குள்ளயே அழுதுட்டேன். பக்கத்து ஆட்டோக்காரர் "ஏனாயித்து சார்?"னு எட்டிப் பார்த்தார். அன்னிக்கு மனைவிகிட்ட சொன்னேன், அவதான் இழுத்துட்டுப் போய் மனநல டாக்டர்கிட்ட காட்டினா. எஸ்சிடலோபிராம் 10னு மனச்சோர்வு மாத்திரை, தினம் ராத்திரி ஒண்ணு. மூணு வாரத்துக்கு மேல நிஜமாவே மாற ஆரம்பிச்சுது. இப்ப ரெண்டரை மாசமா நான் பழைய ஆள்.

போன வாரம் கிருஷ்ணகிரியில மச்சினன் கல்யாணம். மாத்திரை போடும்போது குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். அதனால மாத்திரையை நிறுத்திட்டேன். (திட்டறவங்க வரிசையில வாங்க.) கடைசியா போட்டது புதன் ராத்திரி. வெள்ளி ராத்திரி மூணு பெக். சனிக்கிழமையில இருந்து தலையைத் திருப்பினா கண்ணுக்குப் பின்னாடி "விர்"னு ஒரு ஷாக். கை நடுங்குது, டீ கிளாஸ் பிடிக்க முடியல. நேத்து ராத்திரி ஒரு நிமிஷம் கூட கண் மூடல. அம்மா போன்ல "பாத்தியா, அந்த மாத்திரைக்கு அடிமையாயிட்ட"ங்கறாங்க.

இன்னும் ஒரு வாரம் பல்லைக் கடிச்சுட்டு இருந்தா போயிடுமா? எப்படியும் நல்லாயிட்டேன், இதோட விட்டுடலாமா? காலைல எட்டு மணிக்கு வண்டி எடுக்கணும்.

பழைய_வார்டு_நர்ஸ் · ஞாயிறு இரவு 11:38

தம்பி, முதல்ல வண்டிச் சாவியை வீட்டுல கொடுத்துடுங்க. லீவு போட முடியலன்னா மஞ்சள் லைன் மெட்ரோவுல சில்க் போர்டு வரைக்கும் போய், அங்கிருந்து 500டி பஸ் பிடிங்க. தலையைத் திருப்பினா ஷாக் அடிக்கிறவர் ரிங் ரோட்டுல ரெண்டு சக்கரத்துல இருக்கக் கூடாது.

மனநல வார்டுல ஒன்பது வருஷம் இருந்தவ நான். அம்மா சொல்றது எஸ்சிடலோபிராமுக்குப் பொருந்தாது. அடிமைன்னா அளவு ஏறிக்கிட்டே போகும், கிடைக்கலன்னா தேடி அலைவாங்க. நீங்க கல்யாண வீட்டுல மாத்திரையைத் தேடியா அலைஞ்சீங்க? பந்தியில உக்காந்திருந்தீங்க. ஆனா அஞ்சு மாசமா தினம் வந்த மருந்துக்குத் தகுந்த மாதிரி மூளை தன்னை மாத்தி வெச்சிருக்கு. திடீர்னு நிறுத்தினா தடுமாறும். ஷாக், தலைசுத்தல், குமட்டல், சட்டுனு கோபம், நெஜம் மாதிரியே கெட்ட கனவு எல்லாம் ரெண்டு மூணு நாள்ல வரும். கொஞ்சம் கொஞ்சமா குறைச்சா இவ்வளவு படுத்தாது.

"நல்லாயிட்டேன்"கறீங்க. முதல் தடவை வந்தவங்களுக்கே, நல்லாயிட்டோம்னு தெரிஞ்ச நாள்ல இருந்து குறைஞ்சது ஆறு மாசம், பல பேருக்கு ஒன்பது மாசம் தொடரச் சொல்வாங்க. உங்களுக்கு ரெண்டரை மாசம்தான் ஆச்சு. தளம் காயறதுக்குள்ள சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கிற கதை இது.

அப்புறம், சரக்கு, மாத்திரை ரெண்டுல ஒண்ணைத்தான் விடணும்னா நீங்க விட்டது தப்பான ஒண்ணு. அது உங்களுக்கே தெரியும், விடுங்க.

இயற்கைவழி_ஜே.பி.நகர் · ஞாயிறு இரவு 11:52

நிறுத்தினா நடுங்குது, ஆனா அடிமை இல்லையாம். பேரை மாத்திட்டா ஆச்சா?

என் சித்தப்பா பன்னிரண்டு வருஷமா அந்தச் சின்ன மாத்திரை இல்லாம படுக்கறதில்ல. அவருக்கும் "சும்மா ஒரு மாசம்"னுதான் எழுதினாங்க. ஒரு நாள் தீர்ந்து போனா வீடே ரணகளம், கை உதறும், ராத்திரி பூரா ஹால்ல நடப்பார். ப்ரோ, நீங்க தாக்குப் பிடிங்க. வல்லாரை, அமுக்கரா எடுத்துக்கோங்க, காலைல லால்பாக்ல ஒரு மணி நேரம் நடங்க. உடம்பு தானா சரி பண்ணிக்கும்.

ஸ்ரீராம்புரம்_தாத்தா · திங்கள் அதிகாலை 12:04

31 வருஷம் மருந்துக் கடை கவுண்டர்ல நின்னவன். டாக்டர் இல்ல. கடையில நின்னு பார்த்ததை மட்டும் சொல்றேன்.

எஸ்சிடலோபிராம் ரத்தத்துல பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். நாலு நாள்னா 96 மணி. மூணு தடவைக்கு மேல பாதி பாதியாகி, இப்ப பத்துல ஒரு பங்குதான் மிச்சம். ஷாக் வர்றதுக்கு அது போதும், நர்ஸம்மா சொன்னது சரி. ஆனா டீ கிளாஸ் பிடிக்க முடியாத நடுக்கமும், ராத்திரி பூரா கண் மூடாததும் எனக்கு உறுத்துது. இந்த மாத்திரைய விட்டா மட்டும் அவ்வளவு ஆகுமான்னு யோசிச்சுட்டே கீழ வந்தா, ஜே.பி.நகர் தம்பி சித்தப்பா கதையைச் சொல்லியிருக்கார். கை உதறல், ஹால்ல நடக்கறது. சித்தப்பா போட்டது வேற ஜாதி மாத்திரை தம்பி, தூக்கத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கற குளோனாசிபாம், அல்பிரசோலம் வகையா இருக்கும். அது நிஜமாவே பழக்கமாகும். அதுல உங்களோட நான் சண்டை போட மாட்டேன்.

பொம்மனஹள்ளி, ஒரு வேலை பண்ணுங்க. மாத்திரை அட்டையை எடுங்க. முன்னாடி பெருசா இருக்கிற கம்பெனிப் பேரை விடுங்க. பின்பக்கம் பொடி எழுத்துல "ஒவ்வொரு மாத்திரையிலும்"னு ஆரம்பிக்கிற வரியை ஒரு எழுத்து விடாம இங்க எழுதுங்க.

பொம்மனஹள்ளி_பைக் · திங்கள் அதிகாலை 12:19

தாத்தா, கையில இருக்கிறது கடையில வெட்டிக் கொடுத்த பாதி அட்டை. அந்த வரி இருக்கிற பக்கம் அவங்ககிட்டயே போயிடுச்சு. மனைவி டிராயர்ல தேடி ஒரு பழைய முழு அட்டை எடுத்தா. மொபைல் வெளிச்சத்துல படிச்சோம்.

எஸ்சிடலோபிராம் 10 எம்ஜி. அதுக்குக் கீழ குளோனாசிபாம் 0.5 எம்ஜி.

பேருக்குப் பின்னாடி சின்னதா "ப்ளஸ்"னு இருக்கு. அஞ்சு மாசத்துல ஒரு நாள் கூட நான் அதைக் கவனிச்சதில்ல.

இப்ப டாக்டர் சீட்டு ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கறேன். முதல் சீட்டுல ப்ளஸ், "மூணு வாரம்"னு எழுதியிருக்கார். ரெண்டாவது சீட்டுல ப்ளஸ் இல்ல. நான் ரெண்டாவது சீட்டைக் கடையில காட்டவே இல்ல. காலி அட்டையைக் காட்டி "இதே ஒரு பதினஞ்சு கொடுங்க"ன்னு வாங்கிட்டு இருந்தேன். அவங்களும் கொடுத்துட்டு இருந்தாங்க.

ஸ்ரீராம்புரம்_தாத்தா · திங்கள் அதிகாலை 12:27

அப்ப அஞ்சு மாசமா தினம் ராத்திரி குளோனாசிபாமும் உள்ள போயிருக்கு, ஒரே ராத்திரியில ரெண்டையும் நிறுத்தியிருக்கீங்க. நடுவுல சரக்கு வேற. பல்லைக் கடிச்சுட்டு இருக்கற விஷயம் இல்ல இது. குளோனாசிபாமைப் பட்டுனு நிறுத்தினா சில பேருக்கு வலிப்பு கூட வரும். எல்லாருக்கும் வராது, பயப்படாதீங்க. ஆனா வராதுன்னு நான் கையெழுத்துப் போட முடியாது.

டாக்டர் நம்பருக்கு இப்பவே அடிங்க. எடுக்கலன்னா 14416 அடிங்க. டெலி மானஸ்னு அரசாங்க மனநல உதவி எண், இலவசம், ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க, அதுக்குத் தலைமை மையமே நம்ம நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிதான். நடுக்கம் கூடினா, பேச்சு குழறினா, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சா போன் பண்ணிட்டு நிக்காதீங்க, நேரா அவசரப் பிரிவு. உங்க வீட்டுல இருந்து அதே ஹொசூர் ரோட்டுல நேரா வந்தா நிம்ஹான்ஸ். மனைவியைக் கூட்டிட்டு ஆட்டோவுல போங்க. ரெண்டு சீட்டும் அந்தப் பழைய அட்டையும் கையில இருக்கட்டும்.

நீங்களா ரெண்டு மாத்திரை சேர்த்துப் போட்டு நாலு நாளை ஈடுகட்டப் பார்க்காதீங்க. தூக்கம் வரட்டும்னு இன்னொரு பெக்கும் வேணாம். குளோனாசிபாமும் சாராயமும் சேர்ந்தா மூச்சையே அமுக்கும்.

பொம்மனஹள்ளி_பைக் · திங்கள் அதிகாலை 12:41

14416 எடுத்தாங்க. தமிழ்ல பேசின அம்மா கடைசியா எப்ப போட்டீங்க, எவ்வளவு, வலிப்பு முன்னாடி வந்திருக்கான்னு கேட்டுட்டு, காத்திருக்காதீங்க, நேர்ல காட்டுங்கன்னாங்க. கிளம்பறோம்.

நெறியாளர் · திங்கள் காலை 7:15

இழையைப் பின் செய்கிறேன். ஒரு வேண்டுகோள்: யாருக்கும் இங்கே அளவு எழுதிக் கொடுக்காதீர்கள். "நான் 20 போடுகிறேன், நீங்களும் கேளுங்கள்" வகைப் பதில் இரண்டை நீக்கியிருக்கிறேன்.

இயற்கைவழி_ஜே.பி.நகர் · திங்கள் காலை 8:02

ராத்திரி நான் எழுதினதைப் படிச்சுட்டு அவர் வீட்டுலயே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா வயித்தைப் பிசையுது. "தாக்குப் பிடிங்க"ன்னு சொன்னதை வாபஸ் வாங்கறேன்.

ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த ரெட்டை மாத்திரையை ஏன் ஆரம்பத்துல எழுதணும்? நல்ல மாத்திரையோட பழக்கமாகற மாத்திரையை ஒரே உருண்டையில ஒட்டி விக்கறது யார் நல்லதுக்கு?

பழைய_வார்டு_நர்ஸ் · திங்கள் காலை 10:30

நியாயமான கேள்வி. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரம் ஆகும், முழுசா தெரிய ஆறு எட்டு வாரம் கூட ஆகலாம். ஆனா பக்க விளைவு முதல் நாளே வந்துடும். குமட்டல், தலைவலி, சில பேருக்குப் படபடப்பு முதல் வாரத்துல கூடவே செய்யும். அந்தப் பள்ளத்தைத் தாண்ட ரெண்டு மூணு வாரம் குளோனாசிபாம் கொடுக்கறது உண்டு. அது தப்பில்ல. தேதி போட்டுக் கொடுத்து, தேதி வந்ததும் எடுக்கணும். இவருக்கு டாக்டர் எடுத்தார், கடைக் கவுண்டர்ல எடுபடல.

ஒட்டி விக்கறதுல எனக்கும் உங்க கோபம்தான். ஒண்ணை மட்டும் குறைக்கணும்னா முடியாது, மாத்திரையை உடைச்சா ரெண்டும் சேர்ந்து பாதியாகும். தனித்தனியா எழுதச் சொல்லிக் கேட்கலாம், தப்பா நினைக்க மாட்டாங்க.

அமுக்கராவும் தூக்கம் கொடுக்கும், அதையும் இதையும் கலந்தா எவ்வளவு அமுக்கும்னு யாரும் அளந்து சொல்ல முடியாது. எடுத்துக்கிட்டா டாக்டர்கிட்ட சொல்லிட்டு எடுங்க. லால்பாக் நடைக்கு மட்டும் ரெண்டு கையும் தூக்கறேன், அது மாத்திரையோட சேர்ந்து நல்லா வேலை செய்யும்.

பொம்மனஹள்ளி_பைக் · திங்கள் மாலை 6:50

எழுந்துட்டேன். ராத்திரி ரத்த அழுத்தம், நாடி எல்லாம் பார்த்து, மருந்து கொடுத்து, விடியற வரைக்கும் உக்கார வெச்சிருந்தாங்க. மதியம் என் டாக்டரைப் பார்த்தேன். ரெண்டையும் பிரிச்சுட்டார். எஸ்சிடலோபிராம் தனியா, பழைய மாதிரியே தொடரணும். குளோனாசிபாம் தனியா, சில வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமா இறக்குவாராம், அவசரமில்லைன்னார். திட்டுவார்னு நினைச்சேன். "ரெண்டாவது சீட்டைக் கடையில காட்டுங்கன்னு நான் வாய்விட்டுச் சொல்லல, என் மேலயும் பாதி இருக்கு"ன்னார்.

ஷாக் இன்னும் இருக்கு, ஆனா டீ கிளாஸ் நிக்குது.

அல்சூர்_அக்கா · திங்கள் இரவு 9:14

திருவள்ளுவர் சிலைக்குப் பக்கத்துத் தெருவுல இருக்கேன், வயசு 64. வயசானவங்களை யாரும் பேசல, அதனால நான் எழுதறேன்.

அவர் போனப்புறம் எனக்கும் இதே எஸ்சிடலோபிராம்தான் கொடுத்தாங்க. ஏற்கனவே பிரஷருக்கு ஒரு மாத்திரை போட்டுட்டு இருந்தேன், நீரைப் பிரிக்கிற வகை. மனசு டாக்டர்கிட்ட அந்த மாத்திரையைப் பத்தி நான் சொல்லல. பிரஷருக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சேன். மூணாவது வாரம் வாய் குழறுது, பாத்ரூமுக்குப் போனவ எதுக்கு வந்தோம்னே தெரியாம நிக்கறேன். மருமக பக்கவாதம்னு பயந்து தூக்கிட்டுப் போனா. ரத்தத்துல சோடியம் 119. 135-ல இருந்து 145 வரைக்கும் இருக்கணுமாம். இந்த வகை மாத்திரை சில பேருக்கு, அதுவும் வயசானவங்களுக்கு, உப்பைக் குறைச்சுடும், கூடவே நீர் மாத்திரையும் சேர்ந்தா இன்னும் சீக்கிரம். அஞ்சு நாள் ஆஸ்பத்திரி.

அதுக்கப்புறம் மாத்திரையை மாத்தினாங்க, நல்லா இருக்கேன். இப்ப எந்த டாக்டர்கிட்ட போனாலும் ஒரு மஞ்சப்பையில வீட்டுல இருக்கிற எல்லா அட்டையையும் அள்ளிட்டுப் போய் மேஜை மேல கொட்டிடுவேன். கண் டாக்டர்கிட்ட கூட. மருமக சிரிப்பா.

ஸ்ரீராம்புரம்_தாத்தா · திங்கள் இரவு 9:40

மஞ்சப்பையை நான் வழிமொழியறேன். இதயத் துடிப்புல கோளாறு இருக்கிறவங்களும் எஸ்சிடலோபிராம் ஆரம்பிக்கும் முன்னாடி அதைச் சொல்லிடணும், ஈசிஜி எடுக்கச் சொல்வாங்க.

கூடச் சேரக் கூடாத பொருள்னு மக்கள் சாராயத்தை மட்டும்தான் நினைக்கறாங்க. கடையில நின்னப்ப எனக்கு அதிகம் பயமா இருந்தது வலி மாத்திரை. முதுகுவலிக்கு டிராமடால் கலந்த மாத்திரை நம்ம ஊர்ல சர்வ சாதாரணம். அதுவும் இதுவும் சேர்ந்தா உடம்புல செரோடோனின்ங்கற ரசாயனம் எல்லை தாண்டும்: வியர்த்துக் கொட்டும், கை கால் துள்ளும், ஜுரம், வயித்துப்போக்கு, புத்தி தடுமாற்றம். வறட்டு இருமல் சிரப்புல வர்ற டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனுக்கும் அந்தக் குணம் உண்டு. லினிசோலிட்னு ஒரு ஆன்டிபயாடிக் இருக்கு, அதுவும். இப்ப ஆன்லைன்ல செயின்ட் ஜான்ஸ் வோர்ட்னு ஒரு மூலிகை மாத்திரை "மனசுக்கு இதம்"னு விக்கறாங்க. மூலிகைதானேன்னு கூடச் சேர்த்துடாதீங்க, அதே ஆபத்து.

ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் இதெல்லாம் வேற வழியில தொல்லை, வயித்துல ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். சாதாரண ஜுரம் தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும்.

ஒரு வேளை மறந்தா, ஞாபகம் வந்ததும் போடுங்க. அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா விட்டுட்டு வழக்கமான நேரத்துக்குப் போடுங்க, சேர்த்து ரெண்டு வேணாம். எல்லா மனச்சோர்வு மாத்திரையும் ஒரே மாதிரி மன்னிக்காது. ஃபுளூவாக்ஸிடின் உடம்புல வாரக்கணக்கா தங்கும், ஒரு நாள் விட்டா தெரியாது. வென்லாஃபாக்ஸினை ஒரு வேளை தவறவிட்டா சாயங்காலமே தலை சுத்தும்.

பேர்_வேணாம் · செவ்வாய் அதிகாலை 1:33

இந்த ஐடி இதுக்குன்னே ஆரம்பிச்சது. 29, ஆண், கல்யாணமாகி ஒரு வருஷம். செர்ட்ராலின்னு மனச்சோர்வு மாத்திரை மூணு மாசமா. மனசு நல்லா இருக்கு. ஆனா படுக்கையில... ஆசையே இல்ல, இருந்தாலும் முடிய மாட்டேங்குது. அவளுக்கு நான் மாத்திரை போடறதே தெரியாது, ஆபீஸ் பையில டிபன் பாக்ஸுக்கு அடியில வெச்சிருக்கேன். அவ தன்னைப் பிடிக்கலன்னு நினைச்சு அழறா. மாத்திரையை நிறுத்திடலாம்னு இருக்கேன். டாக்டர் லேடி, எப்படிச் சொல்றது?

பழைய_வார்டு_நர்ஸ் · செவ்வாய் காலை 6:20

தம்பி, அந்த டாக்டரம்மா இதை வாரத்துக்குப் பத்துப் பேர் வாயால கேக்கறாங்க, கூச்சம் உங்களுக்கு மட்டும்தான். இந்த வகை மாத்திரைகள்ல ரொம்ப சகஜமான பக்க விளைவு இது, ஆணுக்கும் உண்டு, பொண்ணுக்கும் உண்டு. நிறைய பேர் மாத்திரையைத் திருட்டுத்தனமா நிறுத்தறதே இதுக்குத்தான், டாக்டருக்கு மட்டும் தெரியாது. அளவைக் குறைக்கலாம், இந்தத் தொல்லை குறைவா இருக்கிற வேற மருந்துக்கு மாத்தலாம், வழி இருக்கு. வாயால வரலன்னா ஒரு துண்டுச் சீட்டுல எழுதி மேஜையில வெச்சுடுங்க. அப்படிக் கொடுத்தவங்களை நான் பார்த்திருக்கேன்.

வீட்டுல சொல்றது உங்க இஷ்டம். ஆனா அந்தப் பொண்ணு காரணம் தெரியாம அழுதுட்டு இருக்கு, பாருங்க.

கைக்குழந்தை_அம்மா · செவ்வாய் காலை 11:05

எனக்கு நாலு மாசக் குழந்தை, எனக்கும் செர்ட்ராலின்தான் எழுதியிருக்காங்க. பால் கொடுக்கறதால மாமியார் மாத்திரையைத் தொடக் கூடாதுங்கறாங்க. மாத்திரையை நிறுத்தறதா, பாலை நிறுத்தறதா?

பழைய_வார்டு_நர்ஸ் · செவ்வாய் மதியம் 1:10

பால் கொடுக்கறதைத் தெரிஞ்சுதானே எழுதியிருக்காங்க? அப்ப ரெண்டையும் நீங்களா நிறுத்தாதீங்க. தாய்ப்பால் கொடுக்கிறவங்களுக்கு அதிகம் தேர்ந்தெடுக்கிற மருந்தே செர்ட்ராலின்தான், பால்ல போறது ரொம்பக் கம்மி. குழந்தைக்குத் தூக்கம், பால் குடிக்கிறதுல மாற்றம் தெரிஞ்சா குழந்தை டாக்டர்கிட்ட சொல்லுங்க. அடுத்த தடவை மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க. நீங்க ஆயிரம் சொன்னாலும் டாக்டர் வாயால ஒரு தடவை கேட்டா அடங்கிடுவாங்க.

ஒயிட்ஃபீல்டு_அண்ணன் · புதன் இரவு 10:48

அவசரம். தம்பிக்கு 20 வயசு, இங்க பிஜியில தங்கிப் படிக்கறான். பத்து நாள் முன்னாடி ஃபுளூவாக்ஸிடின் ஆரம்பிச்சாங்க. நேத்துல இருந்து ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறான், ரூமுக்குள்ளயே நடக்கறான், எரிஞ்சு விழறான், தூக்கம் சுத்தமா இல்ல. இன்னிக்கு சாயங்காலம் "நான் இல்லன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி"ன்னான். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வர்ற செவ்வாய். அதுவரை நிறுத்தி வைக்கட்டுமா?

பழைய_வார்டு_நர்ஸ் · புதன் இரவு 10:55

செவ்வாய் வரைக்கும் போகக் கூடாது. இன்னிக்கு ராத்திரியே. டாக்டருக்கு அடிங்க, எடுக்கலன்னா 14416, இல்லன்னா நேரா அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு நிமிஷம் கூடத் தனியா விடாதீங்க. பாத்ரூம் கதவு தாழ் போட வேணாம்னு சொல்லுங்க. அட்டை மொத்தத்தையும் உங்க பையில எடுத்து வெச்சுக்குங்க. "செத்துப் போகணும்னு தோணுதா?"ன்னு நேராவே கேளுங்க. கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வராது, கேட்டா அவனுக்கு பாரம் இறங்கும்.

25 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு ஆரம்ப வாரங்கள்லயும், அளவு மாத்தும்போதும் இப்படி அமைதியில்லாம ஆகி, தற்கொலை எண்ணம் கூடலாம். அமெரிக்காவுல 2004-ல பிள்ளைகளுக்கும், 2007-ல 24 வயசு வரைக்கும் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சடிக்க வெச்சாங்க. மருந்தே கூடாதுங்கறது அதுக்கு அர்த்தமில்ல, முதல் சில வாரம் பக்கத்துல ஆள் இருக்கணும்கறதுதான். நிறுத்தறதா, மாத்தறதா, குறைக்கறதான்னு இன்னிக்கு ராத்திரி அவனைப் பார்க்கிற டாக்டர் சொல்லட்டும். நீங்க கிளம்புங்க.

நெறியாளர் · புதன் இரவு 11:02

ஒயிட்ஃபீல்டு, உங்களுக்குத் தனிச்செய்தியில் என் எண் அனுப்பியிருக்கிறேன். நான் ஹூடியில் இருக்கிறேன், கார் இருக்கிறது. மற்றவர்கள் இந்த இழையில் இப்போதைக்கு வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஒயிட்ஃபீல்டு_அண்ணன் · வியாழன் காலை 9:37

நெறியாளர் வந்து கூட்டிட்டுப் போனார். கார்ல தம்பிகிட்ட கேட்டேன். "ஆமா"ன்னுட்டு மடியில தலை வெச்சு அழுதான். உள்ள சேர்த்திருக்காங்க, மருந்தை மாத்தியிருக்காங்க, நான் கூட இருக்கேன். அப்பா அம்மா வேலூர்ல இருந்து பஸ் ஏறிட்டாங்க. இப்ப தூங்கறான். வாய் திறந்து, சின்ன வயசுல தூங்கற மாதிரி.

அல்சூர்_அக்கா · வியாழன் காலை 9:50

சாமி. உங்க ரெண்டு பேருக்கும் மதியச் சாப்பாடு நான் கொடுத்து விடறேன், எங்கன்னு தனிச்செய்தியில சொல்லுங்க.

இயற்கைவழி_ஜே.பி.நகர் · சனி மாலை 5:20

சித்தப்பாவை இன்னிக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். பன்னிரண்டு வருஷம்னதும் அந்த டாக்டர் பேனாவைக் கீழ வெச்சுட்டார். ஒரு வருஷம் கூட ஆகலாம், மில்லிமீட்டர் மில்லிமீட்டரா இறங்கலாம்னார். சித்தப்பா "எனக்கு இப்பவே 71, அவ்வளவு அவசரமா?"ன்னு கேட்டார். ஆனா சரின்னுட்டார்.

பொம்மனஹள்ளி_பைக் · மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு இரவு 8:15

கேட்டவங்களுக்காக. ஷாக் போயிடுச்சு. குளோனாசிபாம் ஒரு படி இறங்கியாச்சு, அந்த வாரம் ரெண்டு ராத்திரி புரண்டு படுத்தேன், அப்புறம் பழகிடுச்சு. எஸ்சிடலோபிராம் இன்னும் ஆறு மாசமாவது போகும், அதுக்கப்புறம் குறைக்கறதைப் பத்திப் பேசலாம்னிருக்கார். அம்மாகிட்ட விளக்கிச் சொன்னேன். "அப்ப சுகர் மாத்திரை மாதிரியா?"ன்னாங்க. அப்படியே இல்லம்மா, ஆனா அப்படியே வெச்சுக்கோன்னுட்டேன்.

நேத்து அதே கடைக்குப் போனேன். காலி அட்டை எடுத்துட்டுப் போகல, சீட்டைக் கொடுத்தேன். பையன் சீட்டைப் பார்க்காம "அதே ப்ளஸ்தானே சார்?"னான். இல்லப்பா, படின்னேன். படிச்சான், உள்ள போய் வேற டப்பா எடுத்துட்டு வந்தான், கத்தரிக்கோலை எடுத்து பேர் இருக்கிற பக்கத்துல வெச்சான். அந்தப் பக்கம் எனக்கு, மத்தது உனக்குன்னேன். ஒரு நிமிஷம் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, அட்டையைத் திருப்பிப் பிடிச்சு வெட்டிக் கொடுத்தான்.

ஸ்ரீராம்புரம்_தாத்தா · ஞாயிறு இரவு 8:31

காலாவதித் தேதி எந்தப் பக்கம் போச்சு, பார்த்தீங்களா?

பொம்மனஹள்ளி_பைக் · ஞாயிறு இரவு 8:34

...இல்ல தாத்தா. நாளைக்கு மறுபடி போறேன்.